பிள்ளைத் தராசில் ஏறிய வெண்கல மணி

பொருளைக் கையில் வாங்கியதும் அந்த அம்மா முதலில் எடை போடுவார். மரப்படி, வெற்றிலை உரல், ரயில்வே லாந்தர், யாரோ பாட்டி காதிலிருந்து கழற்றிய தண்டட்டி, எதுவானாலும் சரி. உத்தரத்தில் ஒரு கொக்கி. கொக்கியில் கடிகாரம் போல வட்ட முகமுள்ள ஒரு தராசு. அதன் கீழே தூளி மாதிரித் தைத்த காடாத் துணி. பொருளைத் துணிக்குள் படுக்கவைத்து, ஆட்டம் நிற்கும்வரை ஒரு கையை அடியில் ஏந்திக்கொண்டு நிற்பார். முள் நின்றதும் எடையைச் சொல்லுவார். கூடவே "நல்ல எடை" என்பார். தண்டட்டிக்கும் அதே வார்த்தைதான், அம்மிக்குழவிக்கும் அதே வார்த்தைதான்.

உத்தியோகக் காலம் முழுக்கக் கிராமத்து நர்சாக இருந்தவர். அந்தத் தராசு பிறந்த பிள்ளைகளை நிறுத்தது. ஆஸ்பத்திரியில் கழித்துப் போட்டபோது கேட்டு வாங்கி வந்திருந்தார். எல்லோரும் அவரை நர்சம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். கைக்கடிகாரத்தின் முகத்தை மணிக்கட்டின் உள்பக்கம் திருப்பிக் கட்டியிருப்பார். ஒவ்வொரு பொருளைத் தொட்டபிறகும் சோப்புப் போட்டுக் கை கழுவுவார். பொருளைத் தொடுவதற்கு முன்பும் கழுவுவார்.

திண்டுக்கல்லில் தாடிக்கொம்பு போகும் சாலையில், மூடிக்கிடந்த மாட்டாஸ்பத்திரி ஒன்றில் அவரும் இன்னும் மூன்று பேரும் சேர்ந்து அருங்காட்சியகம் நடத்தினார்கள். இரண்டு அறை, ஒரு வராந்தா. சம்பளம் யாருக்கும் கிடையாது. புதன்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் திறப்பார்கள். மூன்று பேரில் எனக்குப் பழக்கம் நாகல் நகர் ஆட்டோக்காரர். சவாரி இல்லாத நேரமெல்லாம் அங்கேதான் கிடப்பார். மற்ற இருவரும் ஞாயிற்றுக்கிழமை வந்து தூசி தட்டிவிட்டுப் போவார்கள்.

நான் அப்போது பழைய இரும்பு வாங்கிக்கொண்டிருந்தேன். எட்டாவதோடு படிப்பு நின்றது. அதற்குப்பிறகு லாரியில் கிளீனர், திருப்பூரில் சாயப்பட்டறை, கேரளாவில் ஹோட்டல் என்று சுற்றி, நாற்பது வயதை நெருங்கும்போது ஒரு பழைய டி.வி.எஸ். வண்டியோடு திண்டுக்கல்லுக்கு வந்து நின்றிருந்தேன். ஒருநாள் நாகல் நகரில் இரும்புக் கடைத் தராசில் ஒரு பித்தளைச் செம்பைப் போடப்போனேன். பின்னாலிருந்து நர்சம்மாவின் குரல் வந்தது.

"ஏப்பா, அதை அந்தத் தராசுல போடாத. எங்க தராசுல போடு."

அப்படித்தான் பழக்கம். எந்தப் பொருள் கிடைத்தாலும் முதலில் அவரிடம் காட்டவேண்டும் என்று பேச்சு. பதிலுக்கு அந்த வராந்தாவில் நான் படுத்துக்கொள்ளலாம், குழாயில் குளித்துக்கொள்ளலாம். அதற்கு முன்பு பஸ் ஸ்டாண்டில் படுத்துக்கொண்டிருந்தேன். அங்கே குளிக்க வழியில்லை. எனக்கு இது லாபம்.

எடை போட்டபிறகு அவர் அட்டை எழுதுவார். கல்யாணப் பத்திரிகைகளின் வெற்றுப் பக்கத்தை வெட்டி அட்டை செய்திருப்பார். என்ன பொருள், எவ்வளவு எடை, எங்கிருந்து வந்தது, சொன்னவர் யார். இதை எழுதி முடித்ததும் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக நம்மைப் பார்ப்பார்.

"பாத்ததா, கேட்டதா?"

கண்ணால் பார்த்ததைச் சொன்னால் அட்டையின் அடியில் 'பார்த்தது' என்று எழுதுவார். அந்தப் பொருள் முன் அறைக்குப் போகும். யாரோ சொல்லிக் கேட்டதென்றால் 'கேட்டது'. அது பின் அறைக்கு. பின் அறையில் ஒரே ஜன்னல், அதையும் வேப்பமரம் மறைத்துக்கொண்டிருந்தது. ஒன்றும் விவரமில்லாத பொருளுக்கு 'தெரியாது' என்று எழுதி, அதையும் பின் அறையில்தான் வைப்பார். 'தெரியாது' என்ற சொல்லை அவர் சின்னதாக எழுதி நான் பார்த்ததில்லை. மற்ற எல்லா எழுத்தையும்விடப் பெரிதாக இருக்கும்.

ஏன் இப்படி என்று ஆட்டோக்காரர் ஒருமுறை கேட்டார்.

"பொறந்த தேதிய வாய்ப்பேச்சா கேட்டு எழுதிப் பாரு, தெரியும். பொண்ணைக் கட்டிக் குடுக்கணும்னா வயசு கூடும். பயலைப் பள்ளிக்கூடத்துல சேக்கணும்னா குறையும். ஒரே பிள்ளைக்கு அப்பன் ஒரு மாசம் சொல்லுவான், ஆத்தா ஒரு மாசம் சொல்லுவா. நான் பக்கத்துல நின்னு பாத்த பிள்ளைக்குத்தான் தேதி தேதியா இருக்கும்."

பூ வியாபாரம் செய்யும் ஒரு பெரிய மனிதர் காரில் ஒரு வாளைக் கொண்டுவந்தார். மலைக்கோட்டைச் சண்டையில் தன் முப்பாட்டன் வீசியது என்றார். நர்சம்மா அதைத் தூளியில் படுக்கவைத்தார். பிடி ஒரு பக்கமும் முனை ஒரு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. எடையைக் குறித்துவிட்டுக் கேட்டார்.

"பாத்ததா, கேட்டதா?"

"எங்க தாத்தா சொன்னாரும்மா."

"அப்ப கேட்டது."

"அந்த வார்த்தைய மட்டும் எழுதாதீங்கம்மா. மதிப்பா இருக்காது."

"சண்டைக்கு நீங்க போயிருந்தீங்கன்னா 'பார்த்தது'ன்னு எழுதிருவேன்."

அவர் வாளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கார் திரும்பும்வரை ஆட்டோக்காரர் வாசலில் நின்று பார்த்தார். "கைக்கு வந்த வாளு போச்சேம்மா" என்று புலம்பினார்.

"போனாப் போகட்டும். எடை எழுதிட்டேன்" என்றார் நர்சம்மா.

இப்படிப்பட்டவரிடம்தான் நான் பொய் சொன்னேன்.

என்னுடைய பொருட்கள் எல்லாம் பின் அறைக்கே போய்க்கொண்டிருந்தன. இரும்புக்காரனுக்கு வரும் பொருள் நாலு கை மாறித்தான் வரும். யாரிடம் போய்க் கேட்பது? ஆனாலும் ஒவ்வொரு அட்டையிலும் 'சொன்னவர்' என்ற இடத்தில் என் பெயர் இருக்கும். அதற்கு முன்பு என் பெயரைக் காகிதத்தில் எழுதியவர்கள் பள்ளிக்கூடத்தில் வருகைப்பதிவு எடுத்தவர்களும் போலீஸ்காரர்களும்தான். முன் அறையில், வெளிச்சத்தில், நாலு பேர் படிக்கிற இடத்தில் என் பெயர் ஒருமுறை இருக்கவேண்டும் என்று ஆசை வந்துவிட்டது.

நாகல் நகர் கடையில் ஒரு சாக்குக்குள் அந்த மணி கிடந்தது. வெண்கலம். நாக்கு இல்லை. என் செம்புக் கம்பியைக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டேன். குஜிலியம்பாறைக்கு அந்தப் பக்கம் ஓர் ஊரில், தங்கள் கோயில் மணி காணாமல் போய் ரொம்ப வருஷமாயிற்று என்று டீக்கடையில் யாரோ சொன்னது நினைவில் இருந்தது. நர்சம்மாவிடம் அந்த ஊரின் பெயரைச் சொன்னேன்.

"எந்தத் தெருவுல வாங்குன?"

"கிழக்குத் தெருவுலம்மா. கடைசி வீடு."

வாய்க்கு வந்தது அந்த வீடுதான். வெயிலில் அந்த ஊருக்குள் வண்டி தள்ளிக்கொண்டு போனபோது எனக்குத் தண்ணீர் கொடுத்த வீடு அது. ஓர் ஓட்டை வாளியையும் பழைய இரும்புக்குப் போட்டார்கள்.

"பாத்ததா, கேட்டதா?"

"என் கையாலயே வாங்குனேம்மா. பாத்தது."

மணி நாலு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தது. தூளியில் அது ஆடி நிற்பதற்கு நேரம் எடுத்தது. "நல்ல எடை" என்றார். அன்று அந்தச் சொல்லைக் கொஞ்சம் நிறுத்திச் சொன்னார். 'பார்த்தது' என்று எழுதவேண்டிய பொருளென்றால் அவரே ஒருமுறை அந்த இடத்துக்குப் போய் விசாரித்துவிட்டுத்தான் எழுதுவார். இந்த மணிக்குப் போகவில்லை. அன்றைக்கே எழுதி முன் அறையில் வாசலுக்கு நேராக வைத்துவிட்டார். நான் ஒரு வாரம் உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் அந்த அட்டையைப் படித்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் குஜிலியம்பாறைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். கூட வந்த வாத்தியார் மணியையும் அட்டையையும் போனில் படம் எடுத்தார். ஊர் பெயரைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு எடுத்த படம்தான். அவர்மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

பத்து நாள் கழித்து ஒரு புதன்கிழமை காலையில் ஒரு பெண் வந்தார். கையில் மஞ்சப்பை. நான் வராந்தாவில் கம்பி உரித்துக்கொண்டிருந்தேன். நேராக உள்ளே போய் மணிக்கு முன்னால் நின்று, எழுத்துக் கூட்டி அட்டையைப் படித்தார்.

"இது யாரு எழுதுனது?"

"நான்தான்" என்றார் நர்சம்மா.

"கிழக்குத் தெரு கடைசி வீடு எங்க வீடு. எங்க மாமனாரு சாமி மணியத் திருடி ஒளிச்சு வச்சாராம். அவரு செத்தப்புறம் நான் அதைப் பழைய இரும்புக்குப் போட்டேனாம். ஊருல எல்லாரு போன்லயும் இதான் ஓடுது." பையை உயர்த்திக் காட்டினார். "முளைப்பாரிக்கு வீடு வீடா வெதை வாங்குறாக. எங்க வாசலை மட்டும் தாண்டிப் போயிட்டாக. நானே கொண்டுபோய்க் குடுத்தேன். திருட்டு வீட்டு வெதை சாமிக்கு ஆகாதுன்னு பையைத் திருப்பிக் குடுத்துட்டாக. இன்னைக்குப் பொழுது சாய வெதைய ஊறப்போடுறாக. அதுக்குள்ள போகலேன்னா இந்த வருஷம் எங்க வீட்டுக்குப் பாரி கிடையாது. பாரி இல்லாத வீடு ஊருக்குள்ள வீடே இல்லம்மா."

பேசிக்கொண்டே திரும்பியவர் என்னைப் பார்த்துவிட்டார்.

"ஏப்பா, நீ எங்க வீட்டுல தண்ணி வாங்கிக் குடிச்சவந்தான?"

"ஆமாக்கா."

"ஓட்ட வாளி ஒண்ணுதானப்பா உனக்குப் போட்டேன்?"

நர்சம்மா என் பக்கம் திரும்பினார். சத்தம் போடவில்லை. எப்போதும் கேட்கிற அதே குரலில் கேட்டார்.

"பாத்ததா, கேட்டதா?"

"ரெண்டும் இல்லம்மா."

"பின்ன?"

"நானாச் சொன்னது. மணிய நாகல் நகர் கடையில, ஒரு சாக்குல எடுத்தேன்."

அவர் அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். 'எங்கிருந்து வந்தது' என்ற வரியையும் அடியிலிருந்த 'பார்த்தது' என்ற சொல்லையும் ஒரே ஒரு கோட்டால் அடித்தார். அடித்தபிறகும் எழுத்து தெரிந்தது. அதற்குக் கீழே எழுதினார்: 'அடித்திருப்பது பொய். சொன்னவர்' என்று என் பெயர். 'விசாரிக்காமல் எழுதியவர்' என்று அவர் பெயர். கடைசியில் பெரிய எழுத்தில், 'எங்கிருந்து வந்தது: தெரியாது.'

ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்தார். "கிழிச்சுப்போட்டு வேற அட்டை எழுதிருவோம்மா. எதுக்கு நம்ம மானத்தை நாமளே வாங்கணும்?"

"கிழிச்சுட்டா அவுக போன்ல இருக்கிற பொய்யி மட்டும்தான் மிச்சம் நிக்கும். ஆட்டோவை எடு."

மணியைத் தூளித் துணியில் சுற்றி, அட்டையோடு மடியில் வைத்துக்கொண்டு அவரும், மஞ்சப்பையோடு அந்த அக்காவும் பின்னால் உட்கார்ந்தார்கள். நான் முன்னால் ஓட்டுபவரின் ஓரத்தில் ஒண்டிக்கொண்டேன். குஜிலியம்பாறை தாண்டினோம். இரண்டு பக்கமும் மழைக்குக் காத்துக்கிடந்த காடு. நர்சம்மா அந்த அக்காவிடம் சொன்னார்.

"எழுதுறதுக்கு முந்தி நான் உங்க வாசல்ல வந்து நின்னு கேட்டிருக்கணும். மணி அழகா இருந்துச்சு. ஒருநாள்கூடப் பொறுக்க முடியல."

அந்த அக்கா வெயிலைப் பார்த்து நேரம் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கோயிலுக்கு முன்னால் ஆண்கள் பந்தக்கால் நட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்துக் கொட்டகையில் பெண்கள் விதைகளைச் சுளகில் கொட்டிக் கலந்துகொண்டிருந்தார்கள். நர்சம்மா மணியைக் கல்மேல் வைத்து, என் முதுகில் ஒரு விரலை வைத்தார். பேசு என்று அர்த்தம். நான் சொன்னேன். முடிப்பதற்குள் ஓர் அறை விழுந்தது, கீழே சாய்ந்துவிட்டேன். அறைந்தவர் முகத்தைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை. ஹோட்டலில் சாம்பார் வாளியைக் கவிழ்த்ததற்கு இதைவிடப் பெரிய அறை வாங்கியிருக்கிறேன். எழுந்து நின்று மிச்சத்தையும் சொன்னேன்.

கோயில் கமிட்டித் தலைவர் நம்பவில்லை. "நேத்து ஒண்ணு சொன்னான், இன்னைக்கு ஒண்ணு சொல்றான். இவள்ட்ட ஏதாச்சும் வாங்கிட்டுப் பேசுறானோ என்னமோ. நர்சம்மா, நீங்க கவர்மெண்டுல இருந்தவுக. இந்த ஈயம் பித்தாளைக்காரன் பேச்சையா எழுதி வச்சீக?"

"ஆமா. தப்பா எழுதுனது நான்தான். நீங்க சொல்லுங்க, இது உங்க ஊரு மணியா?"

"ஆமா. இதேதான்."

"நீங்க பாத்ததா, கேட்டதா?"

தலைவர் வாயைத் திறந்தார். "எங்கய்யா சொல்லுவாரு..."

"நீங்க பாத்தீகளா?"

"நான் பொறக்கிறதுக்கு முந்தியே காணாமப் போயிருச்சு."

நர்சம்மா அடுத்தவரைப் பார்த்தார். அதற்கடுத்தவரையும் பார்த்தார். ஒவ்வொருவரிடமும் அதே கேள்வி. ஒருவர் தங்கள் மணியில் சூலம் போட்டிருக்கும் என்றார். இன்னொருவர் தாமரைதான் என்றார். செய்தவர் பெயர் வெட்டியிருக்கும் என்று மூன்றாமவர் சொன்னார். கல்மேல் இருந்த மணியில் சூலமும் இல்லை, தாமரையும் இல்லை, பெயரும் இல்லை. சூலமா தாமரையா என்று அவர்களுக்குள்ளேயே பேச்சு தடித்தது.

கொட்டகையிலிருந்து ஒரு பெண் சுளகோடு எழுந்து வந்தார். "இம்புட்டு ஆம்பளைகள்ல ஒருத்தராச்சும் மணியக் கண்ணால கண்டீகளா? இல்ல. திருடுனவரை மட்டும் எல்லாரும் கண்டுட்டீக!"

கொட்டகையே சிரித்தது. ஆண்கள் சிலரும் சிரித்துவிட்டார்கள். அந்தப் பெண் கடைசி வீட்டு அக்காவிடம் கையை நீட்டினார். "பையைக் குடுத்தா, நேரமாச்சு." மஞ்சப்பையைத் தலைகீழாகச் சுளகில் கவிழ்த்தார். தட்டாம்பயறும் மொச்சையும் மற்ற வீட்டு விதைகளோடு கலந்தன. அதற்குமேல் யாராலும் பிரிக்க முடியாது.

தலைவர் குரலைத் தணித்துக்கொண்டார். "வந்த மணி வந்ததாவே இருக்கட்டும்மா. வச்சுட்டுப் போங்க."

"யாருதுன்னு தெரியட்டும், நானே கொண்டுவந்து தாரேன். இப்ப நீங்க ஒண்ணு செய்யுங்க. இந்த அட்டையப் படம் எடுத்து அதே குரூப்புல போடுங்க. எம்பேரு தெரியிற மாதிரி எடுங்க."

அவர் இரண்டு கையாலும் அட்டையை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றார். தலைவர் படம் எடுத்தார்.

மறுநாள் காலையில் நான் துணிகளைச் சுருட்டி வண்டியில் கட்டிக்கொண்டிருந்தேன். நர்சம்மா ஜன்னல்களைத் திறந்தபடியே, "குளிச்சியா? குளிச்சுட்டுப் போ. வரும்போது அகரத்துல ஏதோ மரப்பெட்டி கிடக்காம், பாத்துட்டு வா" என்றார். அவ்வளவுதான். மணியைப் பற்றிப் பிறகு ஒரு வார்த்தை பேசியதில்லை. மணி பின் அறைக்குப் போயிற்று. நான் இன்னும் ஏழெட்டு மாதம் அந்த வராந்தாவில்தான் இருந்தேன். அகரத்துப் பெட்டியைப் பற்றிக் கேட்டபோது "கேட்டதும்மா" என்றேன். அதுவும் பின் அறைக்கே போயிற்று.

பிறகு கால் நிற்கவில்லை. ஆழ்துளைக் கிணறு போடும் வண்டியோடு வடக்கே போய்விட்டேன்.

இந்தக் கார்த்திகையில்தான் மறுபடி திண்டுக்கல்லில் இறங்கினேன். சாவி இப்போது ஆட்டோக்காரரிடம் இருக்கிறது. நர்சம்மா போன வருஷம் காலமாகிவிட்டார். பின் அறையில் ஒரு டியூப்லைட் போட்டிருக்கிறார்கள்.

"வாரவுக எல்லாரும் அந்த மணி அட்டைக்கு முன்னாடிதான்ணே நின்னு படிக்கிறாக. அதுக்காகத்தான் லைட்டே போட்டோம்" என்றார் ஆட்டோக்காரர். ஒற்றைக் கோட்டுக்கு அடியில் நான் சொன்ன பொய் அப்படியே இருந்தது. நானும் நின்று படித்தேன்.

முன் அறையில், வாசலுக்கு நேராக, தராசு. கொக்கியிலேயே தொங்கவிட்டிருந்தார்கள். துணியைத் துவைத்துப் போட்டிருந்தார்கள். அட்டை மட்டும் இல்லை.

"யாரு சொல்லி எழுதுறதுன்னு தெரியாமக் கிடக்குண்ணே. நானே சொல்லி நானே எழுதுனா நல்லாருக்காது. நீ சொல்லு." ஒரு கல்யாணப் பத்திரிகையை வெட்டிவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "இதுல அம்மா ஆயிரம் பிள்ளைகளை நிறுத்தாகன்னு போட்ருவோமா?"

"அது நான் கேட்டதுகூட இல்லப்பா. மணிய நிறுத்ததைப் பாத்தேன். ஒரு வாளை நிறுத்ததைப் பாத்தேன். அதை எழுது."

எழுதினார். 'சொன்னவர்' என்ற இடத்தில் என் பெயரை எழுதினார். அடியில் 'பார்த்தது' என்று எழுதினார். பிறகு பேனாவைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"எடைண்ணே?"

இரண்டு பேரும் தராசைப் பார்த்தோம். அந்தக் கட்டடத்தில் இருக்கும் ஒரே தராசு அதுதான்.

"நீ இரும்புக்காரனாச்சே. கையில தூக்கிப் பாத்துச் சொல்லு."

கழற்றிக் கையில் வாங்கினேன். ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கூட இருக்கும். என் கை பெரும்பாலும் தப்பாது. ஆட்டோக்காரர் பேனாவை அட்டையில் வைத்துவிட்டார்.

"நிறுத்துப் பாத்தமா?" என்றேன்.

"இல்ல."

"அப்ப 'தெரியாது'ன்னு எழுது. பெருசா எழுது."